ஒரு வருஷத்துக்குள் தடுப்பூசி வந்தது எப்படி?

“தடுப்பூசி கண்டுபிடிக்கப் பத்து வருஷம் ஆகும் என்று அவர்களே சொன்னார்கள். அப்புறம் கொரோனாவுக்கு மட்டும் ஒரே வருஷத்தில் எப்படி வந்தது? எதையோ விட்டுவிட்டுத்தானே கொடுத்திருக்கிறார்கள்?”

2020 கடைசியில் கிளம்பிய இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. கைக்குழந்தைக்கு வழக்கமான தடுப்பூசி போடுவதற்கே இதைச் சொல்லித் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது, அதற்குக் கிடைக்கும் பதில்கள்தான் சரியில்லை. ஒரு பக்கம் எல்லாமே சதி என்கிறார்கள். இன்னொரு பக்கம் விஞ்ஞானத்தை நம்புங்கள் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். உள்ளே என்ன நடந்தது என்பதை இரு தரப்பும் சொல்வதில்லை. உயிரியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

## வேலை நடந்த நாளும் காத்திருந்த நாளும்

கடன் வாங்கி வீடு கட்டியவர்களுக்கு இது தெரியும். அஸ்திவாரம் முடிந்ததும் வங்கியிலிருந்து ஆள் வந்து பார்க்க வேண்டும். அப்புறம்தான் அடுத்த தவணை. பணம் கைக்கு வரும்போது கொத்தனார் வேறு வேலைக்குப் போயிருப்பார். செங்கல்லுக்கு மறுபடி சொல்லி வைக்க வேண்டும். வீடு முடிய ஒன்றரை வருஷம் ஆனால், அதில் பாதி நாள் அந்த மனையில் யாருமே வேலை செய்திருக்க மாட்டார்கள். முழுப் பணமும் முதலிலேயே கையில் இருந்தால், சுவர் எழும்பும்போதே கதவு ஜன்னலுக்குச் சொல்லிவிடலாம். ஆனால் எவ்வளவு பணம் இருந்தாலும் ஒன்றைக் குறைக்க முடியாது. தளம் போட்டபின் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தும் நாட்கள் அவை. சென்ட்ரிங்கை மறுநாளே பிரித்தால் தளம் தலையில் விழும்.

தடுப்பூசி வேலையிலும் இந்த இரண்டு வகை நாட்கள் உண்டு. மனிதர்களிடம் சோதிப்பதை மூன்று கட்டமாகப் பிரிப்பார்கள். முதல் கட்டத்தில் சில பத்துப் பேருக்குப் போட்டு, பெரிய ஆபத்து ஏதும் இல்லையா என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் சில நூறு பேர். எவ்வளவு அளவு போட்டால் உடம்பு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பது தெரியும். மூன்றாம் கட்டத்தில் பல்லாயிரம் பேர். நோய் உண்மையிலேயே தடுக்கப்படுகிறதா என்பது அங்கேதான் தெரியவரும்.

சாதாரண காலத்தில் ஒரு கட்டம் முடிந்தால் அடுத்ததற்குப் பணம் தேட வேண்டும், அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். மருந்து வேலை செய்யும் என்று உறுதியாகும் முன் எந்த நிறுவனமும் தொழிற்சாலையில் பணம் போடாது. இப்படித்தான் பத்து வருஷம் ஆகிறது.

2020-ல் அரசுகள் பணத்தை முன்கூட்டியே கொட்டின. அமெரிக்காவின் ‘ஆபரேஷன் வார்ப் ஸ்பீட்’ திட்டம் அப்படிப்பட்டது. முதல் கட்டத்தின் வால் முடியுமுன்பே இரண்டாம் கட்டம் தொடங்கியது. கண்காணிப்பு அதிகாரிகள் எல்லாக் கோப்பும் சேரட்டும் என்று உட்காராமல், வந்த தரவை வந்தவுடன் படித்தார்கள். புனேயில் உள்ள சீரம் நிறுவனம் ஒப்புதல் வருவதற்கு முன்பே கோடிக்கணக்கான டோஸ்களைத் தயாரித்து அடுக்கி வைத்தது. முடிவு மோசமாக வந்திருந்தால் அத்தனையையும் கொட்டியிருக்க வேண்டும்.

சிலருக்கு அப்படித்தான் ஆனது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத் தடுப்பூசி, போட்டவர்களுக்கு எச்ஐவி பரிசோதனையில் தவறான ‘பாசிட்டிவ்’ காட்டியது. 2020 டிசம்பரில் அதைக் கைவிட்டார்கள். மெர்க் நிறுவனம் தன் இரண்டு தடுப்பூசிகளையும் 2021 ஜனவரியில் நிறுத்தியது. ஜெர்மனியின் கியூர்வாக் பெரிய சோதனை வரை வந்து, பாதுகாப்பு 50 சதவீதத்தைக்கூட எட்டாமல் தோற்றது. இந்தத் தோல்விகளை எனக்கு முக்கியமாகச் சொல்லத் தோன்றுகிறது. சோதனை வெறும் சடங்காக இருந்திருந்தால் இவை எல்லாமே கடைக்கு வந்திருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: குறைந்தது காத்திருந்த நாள். மனிதர்களிடம் சோதித்துக் காத்திருந்து பார்க்க வேண்டிய நாள் குறையவில்லை.

## வேலை 2020-ல் தொடங்கவில்லை

2020 ஜனவரி 11 அன்று புதிய வைரஸின் மரபணுத் தொடரைச் சீன விஞ்ஞானி ஜாங் யோங்ஜென் குழு இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டது. மரபணுத் தொடர் என்றால், வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கத் தேவையான முழுக் கட்டளைகளின் எழுத்து வரிசை. இரண்டே நாளில், ஜனவரி 13 அன்று, மாடர்னா தடுப்பூசியின் வடிவம் தயார். மார்ச் 16 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் முதல் தன்னார்வலருக்கு ஊசி போடப்பட்டது.

இரண்டு நாளில் எப்படி? தெரியாத எதிரியாக இருந்திருந்தால் முடிந்திருக்காது. 2002-03-ல் சார்ஸ், 2012-ல் மெர்ஸ் என்று இதே குடும்பத்து வைரஸ்கள் ஏற்கெனவே வந்து போயிருந்தன. கொரோனா வைரஸின் மேல்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதம்தான் நம் உயிரணுவைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது; அடிக்க வேண்டிய இடம் அதுதான் என்பது அப்போதே தெரியும்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஸ்பைக் புரதம் நிலையாக நிற்காது. உயிரணுவோடு ஒட்டியதும் அதன் வடிவம் அடியோடு மாறிவிடும். மாறிய வடிவத்தைத் தடுப்பூசியில் காட்டினால், உடம்பு அதற்கேற்ற ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும். ஆன்டிபாடி என்பது ஒரு குறிப்பிட்ட கிருமியின் மீது ஒட்டி அதை முடக்குவதற்காக நம் உடம்பு செய்யும் புரதம். ஆனால் அந்த ஆன்டிபாடிகளில் பல, நுழையும் முன் உள்ள ஸ்பைக்கை அடையாளம் காணாது. அமெரிக்க விஞ்ஞானிகள் பார்னி கிரஹாம், ஜேசன் மெக்லெல்லன் ஆகியோரின் குழு, மெர்ஸ் வைரஸை வைத்து இதற்கு வழி கண்டது. புரதத்தில் குறிப்பிட்ட இரண்டு இடங்களில் புரோலைன் என்ற விறைப்பான அமினோ அமிலத்தை மாற்றி வைத்தால், வடிவம் மாறாமல் நிற்கிறது. இது 2017-ல் வெளியானது. 2020 ஜனவரியில் அதே இரண்டு மாற்றங்களைப் புதிய வைரஸின் ஸ்பைக்கிலும் செய்தார்கள். மாடர்னா, ஃபைசர் இரண்டிலும் இருப்பது இந்த ஸ்பைக்தான்.

அடுத்தது எம்ஆர்என்ஏ. ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்ற கட்டளையை உயிரணுவுக்குள் கொண்டுபோகும் மூலக்கூறு இது. தடுப்பூசியில் வைரஸ் கிடையாது. ஸ்பைக் செய்வதற்கான கட்டளை மட்டும் உள்ளே போகிறது. நம் உயிரணு ஸ்பைக்கைச் செய்து காட்ட, நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பார்த்துப் பழகிக்கொள்கிறது. எம்ஆர்என்ஏ சில நாட்களில் சிதைந்துவிடும். நம் மரபணுக்கள் இருக்கும் உட்கருவுக்குள் அது போவதே இல்லை.

கேட்க எளிதாக இருந்தாலும், வெளியிலிருந்து வரும் ஆர்என்ஏவைக் கண்டால் உடம்பு கொதித்தெழும். அதிலுள்ள ஓர் எழுத்தைச் சற்றே மாற்றினால் அந்தக் கொதிப்பு அடங்கும் என்று கட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-ல் எழுதினார்கள். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2023-ல் நோபல் பரிசு வந்தது. எம்ஆர்என்ஏவைச் சுற்றிப் பாதுகாக்கும் நுண்ணிய கொழுப்பு உருண்டையும் புதிதல்ல. ஓர் அரிய பரம்பரை நரம்பு நோய்க்கான மருந்தில் அதே வகைத் தொழில்நுட்பம் 2018-லேயே அனுமதி பெற்றிருந்தது.

நம் ஊரில் அதிகம் பேர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் இதே மாதிரிதான். ஆக்ஸ்ஃபோர்டு குழு சிம்பன்சிகளிடம் சளி உண்டாக்கும் ஒரு வைரஸை, மனித உடம்பில் பெருகாதபடி மாற்றி, மெர்ஸ் நோய்க்கு ஏற்கெனவே ஒரு தடுப்பூசி செய்து சோதித்திருந்தது. கொரோனாவுக்கு உள்ளே வைக்கும் கட்டளையை மட்டும் மாற்றினார்கள்.

ஆக, ‘ஒரு வருஷம்’ என்று நாம் எண்ணுவது கடைசி ஒரு வருஷத்தை மட்டும்.

## 95 சதவீதம் என்றால் என்ன?

எல்லோரும் கேட்ட எண் இது. பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொண்ட எண்ணும் இதுதான். ‘100 பேருக்குப் போட்டால் 95 பேருக்கு வேலை செய்யும், 5 பேருக்கு நோய் வரும்’ என்பது இதன் பொருள் அல்ல.

ஃபைசரின் பெரிய சோதனை 2020 ஜூலை 27 அன்று தொடங்கியது. 43,000-க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தடுப்பூசி. இன்னொரு பாதிக்கு வெறும் உப்புநீர். இதைப் போலி மருந்து என்பார்கள். யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, கவனிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போய் வழக்கம்போல் வாழ்ந்தார்கள். வேண்டுமென்று யாருக்கும் வைரஸைக் கொடுக்கவில்லை. ஊரில் பரவும் நோய் தானாக யாருக்கு வருகிறது என்று காத்திருந்தார்கள்.

நவம்பரில் மொத்தம் 170 பேருக்கு நோய் வந்திருந்தது. சீட்டைப் பிரித்துப் பார்த்தால், உப்புநீர் போட்டுக்கொண்டவர்கள் 162 பேர். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் 8 பேர். இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையிலான ஆட்கள் என்பதால், 162 ஆக இருந்திருக்க வேண்டியது 8 ஆகக் குறைந்திருக்கிறது. குறைந்த பங்கு 95 சதவீதம். அவ்வளவுதான் கணக்கு.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சோதனை எப்போது முடியும் என்பதைத் தீர்மானிப்பது தேதி அல்ல, நோயாளிகளின் எண்ணிக்கை. குறைந்தது 164 பேருக்கு நோய் வந்தபின் கடைசிக் கணக்கு என்று முதலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். ஊரில் நோய் மெதுவாகப் பரவினால் இந்த எண்ணை எட்ட வருஷக்கணக்காகும். அந்த இலையுதிர் காலத்தில் அமெரிக்காவில் நோய் காட்டுத்தீயாகப் பரவியதால் நாலு மாதத்தில் எட்டிவிட்டது. பரவல் அதிகமாக இருந்ததால் ஆக்ஸ்ஃபோர்டு குழு பிரேசிலிலும் தென்னாப்பிரிக்காவிலும் சோதனை நடத்தியது. வேகத்துக்கான காரணங்களிலேயே வேதனையானது இதுதான்: நிறையப் பேருக்கு நோய் வந்ததால்தான் விடை சீக்கிரம் கிடைத்தது.

பாதுகாப்புக்கும் ஒரு காத்திருப்பு இருந்தது. தடுப்பூசியின் பக்கவிளைவுகள் பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தெரிந்துவிடும் என்பதால், பங்கேற்றவர்களில் பாதிப் பேரையாவது இரண்டாம் ஊசிக்குப் பின் இரண்டு மாதம் கவனித்திருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கேட்டது. தண்ணீர் கட்டும் நாட்கள் இவைதாம்.

கோவாக்சின் விஷயத்தில் இந்தியா இந்தக் காத்திருப்பைத் தாண்டிப் போனது. புனே தேசிய வைராலஜி நிறுவனம் பிரித்தெடுத்த வைரஸை வைத்து ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் செய்த அந்தத் தடுப்பூசிக்கு, மூன்றாம் கட்ட முடிவு வருமுன்பே, 2021 ஜனவரி 3 அன்று அனுமதி கொடுத்தார்கள். பிறகு முடிவு நன்றாகவே வந்தது: நோய் வந்த 130 பேரில் 106 பேர் போலி மருந்துப் பக்கம், 24 பேர் தடுப்பூசிப் பக்கம், 77.8 சதவீதம். ஆனாலும் அன்று அவசரப்பட்டது தவறு என்றே நினைக்கிறேன். நல்ல தடுப்பூசி ஒன்றைச் சந்தேகப்பட மக்களுக்கு ஒரு காரணத்தைத் தேவையில்லாமல் கையில் கொடுத்தது அந்த முடிவு.

## ஊசிக்குப் பின் நடந்தது, ஊசியால் நடந்ததா?

2021 ஏப்ரலில் நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் மருத்துவமனையில் ஊரறியத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, அதற்கு மறுநாள் இறந்துபோனார். தமிழ்நாட்டில் அந்த வாரம் பலர் ஊசிக்குப் போகாமல் நின்றுவிட்டார்கள். அந்தப் பயம் இயல்பானது. சில மாதம் கழித்து மத்திய அரசின் ஆய்வுக் குழு, இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றது. அதைக் கேட்டவர்கள் குறைவு.

இப்படி ஒரு சம்பவத்தைத் தனியாக வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. மாரடைப்பு ஊசி இல்லாமலும் தினமும் வருகிறது. ஃபைசர் சோதனையில், முதல் முடிவு வெளியானபோது, தடுப்பூசி போட்டவர்களில் 2 பேர் இறந்திருந்தார்கள். உப்புநீர் போட்டவர்களில் 4 பேர். உப்புநீர் யாரையும் கொல்லவில்லை. அத்தனை ஆயிரம் பேரில் அத்தனை மாதத்தில் சிலர் இறப்பது வழக்கம். அந்த வழக்கமான அளவு எவ்வளவு என்று காட்டுவதற்காகவே எதிர்ப்பக்கம் ஒரு கூட்டம் வேண்டும்.

உண்மையான பக்கவிளைவுகள் இல்லவே இல்லை என்றும் சொல்லக் கூடாது. ஆக்ஸ்ஃபோர்டு தடுப்பூசியால் லட்சத்தில் ஒன்றிரண்டு பேருக்கு ஆபத்தான ரத்த உறைவு ஏற்பட்டது. எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளால் இளம் ஆண்கள் சிலருக்கு இதயத் தசையில் அழற்சி வந்தது. இவை நாற்பதாயிரம் பேர் சோதனையில் தெரிந்திருக்க முடியாது. லட்சத்தில் ஒன்று நடப்பது அதில் ஒருமுறைகூட நடக்காமல் போகலாம். கோடிக்கணக்கானோருக்குப் போட்டபின் தொடர்ந்த கண்காணிப்பில்தான் பிடிபட்டன. பிடிபட்டதும் பல நாடுகள் இளையவர்களுக்கு வேறு தடுப்பூசியைப் பரிந்துரைத்தன. ஒப்புதலோடு சோதனை முடிந்துவிடுவதில்லை.

## சிகிச்சையில் நாம் வழிதவறிய இடம்

தடுப்பூசியைச் சந்தேகப்பட்ட அதே நாட்களில், சோதிக்கப்படாத சிகிச்சைகளுக்காக அலைந்தோம். 2021 மே மாதம் பிளாஸ்மா கேட்டு வராத வாட்ஸ்அப் குழு உண்டா? நோயிலிருந்து மீண்டவரின் ரத்தத்தில் ஆன்டிபாடிகள் இருக்கும். அந்த ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை நோயாளிக்கு ஏற்றினால் பிழைப்பார் என்பது யோசனை. கேட்டால் சரியாகத்தான் படுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் இதை 2020-லேயே சோதித்துவிட்டது. நாடு முழுவதும் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகள். பிளாஸ்மா ஏற்றியவர்களில் 19 சதவீதம் பேருக்கு நோய் முற்றியது அல்லது மரணம். ஏற்றாதவர்களில் 18 சதவீதம். பயனில்லை. 2020 அக்டோபரில் முடிவு வெளியானது. அரசு வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டதோ 2021 மே 17 அன்று. இடைப்பட்ட மாதங்களில் எத்தனை குடும்பங்கள் நள்ளிரவில் கொடையாளர் தேடி அலைந்தன என்று நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

பிளாஸ்மா ஏற்றியபின் பிழைத்தவர்கள் இருந்தார்களே என்று கேட்கலாம். இருந்தார்கள். ஏற்றாமலே பிழைத்தவர்களும் அதே அளவு இருந்தார்கள். ஒரு மருத்துவர் தன் வார்டில் இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பிரிட்டனில் ‘ரிகவரி’ என்ற சோதனை இதற்கு நேர்மாறாக நடந்தது. பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லாண்ட்ரே தலைமையில் 2020 மார்ச்சில் தொடங்கி, மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களைக் குலுக்கல் முறையில் பல சிகிச்சைகளுக்குப் பிரித்தார்கள். உலகமே பேசிய ஹைட்ராக்சிகுளோரோகுயின் பயனற்றது என்று ஜூன் 5 அன்று தெரிந்தது. ஜூன் 16 அன்று, பல பத்தாண்டுகளாக எல்லா மருந்துக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் டெக்சாமெத்தசோன் உயிர் காக்கிறது என்று தெரிந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இந்த மருந்து கொடுக்கப்படாதவர்களிடையே 28 நாளுக்குள் இறந்தவர்கள் 41.4 சதவீதம், கொடுத்தவர்களிடையே 29.3 சதவீதம். தொடங்கி நூறு நாள்கூட ஆகவில்லை.

அதே சோதனை இன்னொன்றையும் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு இந்த மருந்தால் பயனில்லை, கெடுதல்கூட இருந்திருக்கலாம். காரணம் நோயின் போக்கில் இருக்கிறது. முதல் வாரத்தில் வைரஸ் பெருகுகிறது. சிலருக்கு அதன்பின் நோய் எதிர்ப்பு மண்டலம் அளவுமீறிப் போய் நுரையீரலையே தாக்குகிறது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு எதிர்ப்பு மண்டலத்தை அடக்குவது. இரண்டாம் நிலையில் அது உயிர் காக்கும். முதல் நிலையில் கொடுத்தால் வைரஸோடு போராட வேண்டிய படையையே கட்டிப்போடும். இரண்டாம் அலையில் லேசான காய்ச்சலுக்கும் ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் உண்டு. சர்க்கரை நோயோடு அளவுமீறிய ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் கருப்புப் பூஞ்சை வந்தது.

வைரஸையே தாக்கும் மாத்திரை தடுப்பூசியைவிடத் தாமதமாகத்தான் வந்தது. வைரஸுக்குச் சொந்தமாக உறுப்புகள் மிகக் குறைவு. நம் உயிரணுவை வைத்தே பிழைக்கிறது. நம்மைக் காயப்படுத்தாமல் அதை மட்டும் அடிக்க ஓர் இடம் கண்டுபிடிக்க வேண்டும். ஃபைசரின் பாக்ஸ்லோவிட், வைரஸ் தன் புரதங்களை வெட்டிப் பிரிக்கப் பயன்படுத்தும் ஒரு நொதியை முடக்குகிறது. அமெரிக்காவில் அவசர அனுமதி கிடைத்தது 2021 டிசம்பரில். அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் எடுத்துக்கொண்டால்தான் பயன்; பெருகும் வேலையை வைரஸ் முடித்தபின் அந்த நொதியை முடக்கி ஆவதொன்றுமில்லை.

## நோயாளிகள் குறைவாக இருந்தால்?

கேரளத்தில் 2018-ல் கோழிக்கோட்டில் தலைகாட்டிய நிபா வைரஸ், அதன்பின் பலமுறை வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தொற்றியவர்களில் 40 முதல் 75 சதவீதம் பேர் வரை இறக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு குழு கோவிஷீல்டின் அதே அடித்தளத்தில் நிபாவுக்கும் தடுப்பூசி செய்து, 2024 ஜனவரியில் மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனையைத் தொடங்கியது. இங்கே தடை பணமோ தொழில்நுட்பமோ மட்டுமல்ல. ஒவ்வொரு முறையும் விரல்விட்டு எண்ணும் அளவு நோயாளிகள். சுகாதாரப் பணியாளர்கள் தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்துத் தனிமைப்படுத்த, சில வாரத்தில் பரவல் நின்றுவிடுகிறது. 164 நோயாளிகளுக்கு எங்கே போவது?

எபோலாவுக்கு 2015-ல் மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியில் ஒரு வழி கண்டார்கள். நோயாளி ஒருவர் கண்டுபிடிக்கப்பட்டதும், அவரைச் சுற்றி இருந்தவர்களுக்குப் போட்டார்கள். இப்படி நோயாளியைச் சுற்றி அமைந்த வட்டங்களில், குலுக்கலில் சிலவற்றுக்கு உடனே, மற்றவற்றுக்கு 21 நாள் கழித்து. இரண்டையும் ஒப்பிட்டபோது தடுப்பூசி காப்பது தெரிந்தது. அதற்கும்கூட ஓரளவு பரவல் வேண்டும். அதுவும் இல்லாத இடத்தில், தடுப்பூசி எந்த அளவு ஆன்டிபாடியை உண்டாக்கினால் விலங்குகள் பிழைக்கின்றன என்று பார்த்து, அதே அளவு மனிதர்களிடம் உண்டாகிறதா என்று ஒப்பிடுவார்கள். எபோலாவின் இன்னொரு தடுப்பூசிக்கு ஐரோப்பா 2020-ல் இப்படித்தான் அனுமதி கொடுத்தது. நிபாவுக்கும் இந்த வழி பேசப்படுகிறது. அப்படி அனுமதி கிடைத்தாலும், மனிதர்களை அது எவ்வளவு காக்கிறது என்ற கணக்கைக் கோழிக்கோட்டிலோ மலப்புறத்திலோ அடுத்த தொற்று வரும்போதுதான் தொடங்க முடியும்.